பாட்டுப் பாடும் பாட்டி: எட்டு மாதம் வைத்திருந்து பார்த்த பிறகு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். குழந்தை உட்கார்ந்து ஒன்றுக்கும் ரெண்டுக்கும் போவதற்கென்று விற்கிற சின்னப் பிளாஸ்டிக் நாற்காலியை எல்லோரும் ஆங்கிலத்தில் சொல்கிற மாதிரி ‘பாட்டி’ (potty) என்றுதான் சொல்கிறோம். எங்கள் வீட்டிலோ நிஜப் பாட்டி ஒருவர் இருக்கிறார், என் அம்மா. வாங்கி வந்த அன்று சாயங்காலம் மகள் காலை இறுக்கிக்கொண்டு “பாட்டி, பாட்டி” என்று கத்த, அம்மா “இதோ வந்துட்டேன்டி தங்கம்” என்று ஈரக்கையோடு ஓடிவந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா உடை மாற்றப் போனார், நான் தரையைத் துடைத்தேன், மறுநாளே அந்த நாற்காலிக்குப் பெயர் மாற்றினோம். மஞ்சள் நிறம், முன்னால் ஆரஞ்சு மூக்கு, அதனால் வாத்து. இனி இந்தக் கட்டுரையிலும் அது வாத்துதான்.

எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று சொல்லப்போவதில்லை. இதே மாதிரி வெவ்வேறு உருவங்களில் கிடைக்கிறது, வேலை செய்கிற விதம் ஏறக்குறைய ஒன்றுதான். மூடி, உட்காரும் வளையம், அதற்குக் கீழே தனியாகக் கழற்றி எடுக்கிற கிண்ணம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி, அடியில் வழுக்காமல் இருக்க நான்கு ரப்பர் குமிழ். இதெல்லாம் சாதாரண நாற்காலியிலும் உண்டு. இதில் கூடுதலாக இருப்பது, நாம் கூடுதலாகப் பணம் கொடுப்பது, பாட்டுக்கு. கிண்ணத்தின் அடியில் பொட்டு மாதிரி இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கின்றன. ஈரம் பட்டு இரண்டும் இணைந்தால் மின்சுற்று முழுமையாகி, கீழே இருக்கிற சின்ன ஸ்பீக்கர் பாட ஆரம்பிக்கும். சிறுநீரில் உப்பு இருப்பதால் மின்சாரம் நன்றாகவே கடக்கும், ஒன்றிரண்டு சொட்டே போதும். அந்த ‘ஒன்றிரண்டு சொட்டே போதும்’ என்பதில்தான் எங்கள் எட்டு மாதக் கதை முழுவதும் இருக்கிறது.

பெட்டியின் மேல் 18 மாதத்திலிருந்து என்று போட்டிருந்தார்கள். அந்த வயதை நம்பி உட்கார வைத்துக் குழந்தையையும் தன்னையும் வருத்திக்கொண்ட ஒரு நண்பரைப் பார்த்திருந்ததால் நாங்கள் காத்திருந்தோம். 1962-இல் பெரி பிரேசல்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தன்னிடம் வந்த 1,170 குழந்தைகளின் விவரத்தைத் தொகுத்து வெளியிட்டார். குழந்தை தயாரான பிறகு அதன் போக்கிலேயே பழக்கிய அந்தக் கூட்டத்தில், பகலில் நனைக்காமல் இருக்கப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். இரண்டே கால் வயதைத் தாண்டிவிட்டது, பாருங்கள். 18 மாதம் என்பது சில குழந்தைகள் ஆர்வம் காட்ட ஆரம்பிக்கிற வயது, அவ்வளவுதான். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது “உன்னையெல்லாம் ஒரு வயசுலயே பழக்கிட்டேன்” என்றார். அவர் பழகினாரா நான் பழகினேனா என்பது விவாதத்துக்குரியது, ஆனால் அதைக் கேட்கிற துணிச்சல் எனக்கில்லை.

மகளுக்கு 26 மாதம் ஆனபோது அறிகுறிகள் தெரிந்தன. டயப்பர் இரண்டு மணி நேரம்கூட ஈரமாகாமல் இருக்கும். ரெண்டுக்கு வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள், முகம் மட்டும் சிவந்து தெரியும், கூப்பிட்டால் “வராதே” என்பாள். போன பிறகு டயப்பரைப் பிடித்து இழுப்பாள். இடம் தேடுகிறாள், வருவது தெரிகிறது, ஈரம் பிடிக்கவில்லை. சரி, இனி வாங்கலாம் என்று வாங்கினோம்.

முதல் இரண்டு நாள் உடையோடே உட்கார்ந்து பழகினாள். மூன்றாவது நாள் காலையில் தூங்கி எழுந்ததும் உட்கார வைத்தோம், வந்தது. வந்த அதே நொடியில் அடியிலிருந்து வாத்து உச்சக்குரலில் பாடியது. நானும் மனைவியும் கை தட்டத் தயாராக இருந்தோம். அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிட்டாள். எழுந்ததும் நின்றது, பயந்து ஓடும்போது மறுபடி வந்தது, கூடம் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டே போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அன்று முழுக்க வாத்துப் பக்கம் போகவே இல்லை, அடக்கி அடக்கி வைத்து மத்தியானம் தூக்கத்தில் போனாள்.

அப்போதுதான் இந்த வடிவமைப்பிலேயே இருக்கிற கோளாறு புரிந்தது. பரிசு முடித்த பிறகு வர வேண்டும். இது முதல் சொட்டிலேயே வந்துவிடுகிறது. பெரியவர்களான நமக்கே பாத்ரூமில் யாராவது கதவைத் தட்டினால் நின்றுவிடும், இரண்டு வயதுக் குழந்தைக்கு உட்கார்ந்திருக்கிற இடமே பாடினால் எப்படி இருக்கும்? சத்தத்தைக் குறைக்கிற வசதியும் கிடையாது. நான் ஸ்பீக்கர் துளைகள் மேல் இரண்டு அடுக்கு டேப் ஒட்டினேன், ஓரளவு அடங்கியது.

ஒரு வாரத்தில் பயம் போய்விட்டது, அதற்குப் பதிலாகக் காதல் வந்தது. அது இன்னும் மோசம். ஒரு சொட்டுக்கும் அதே பாட்டு, முழுக்கப் போனாலும் அதே பாட்டு என்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் என்ன, சில்லறையாக மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான்கு சொட்டு, பாட்டு, எழுந்து ஆட்டம். பாட்டு நின்றதும் கிண்ணத்தைத் துடைக்கச் சொல்லி என்னிடம் உத்தரவு, துடைத்ததும் மறுபடி உட்கார்ந்து இன்னும் நான்கு சொட்டு. அந்த வயதில் சிறுநீர்ப்பை நிறைந்தாலே 100 மில்லி வாக்கில்தான் இருக்கும், அதை ஐந்து பாட்டுக்குப் பங்கு போட்டாள். ஆறாவது பாட்டுக்குச் சரக்கு இல்லாதபோது அழுகை. கேட்க வேடிக்கையாக இருக்கிறது, நாங்களும் முதலில் சிரித்தோம். ஆனால் ஒரே மூச்சில் முழுக்கப் போய் முடிப்பதுதான் பழக வேண்டிய பழக்கம், உள்ளே மிச்சம் வைத்துக்கொண்டே இருந்தால் தொற்று வர வாய்ப்பு அதிகம், பெண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம்.

அடுத்த கண்டுபிடிப்பு தண்ணீர். ஒருநாள் நான் அறைக்குள் போனபோது வாத்து இடைவிடாமல் பாடிக்கொண்டிருந்தது. மகள் உட்காரவில்லை, எதிரே குத்துக்காலிட்டு இருந்தாள், உடையெல்லாம் அப்படியே இருந்தது. கையில் அவளுடைய டம்ளர். டம்ளரைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றுவாள், காதைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பாள், பாட்டு முடிந்ததும் சட்டை நுனியால் அந்த இரண்டு புள்ளிகளையும் துடைப்பாள், மறுபடி ஊற்றுவாள். துடைத்தது அந்த இரண்டு புள்ளிகளை மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். எனக்குக் கையேட்டைப் படித்த பிறகு தெரிந்தது அவளுக்குப் பார்த்தே தெரிந்திருக்கிறது. திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுக்கக் கற்றுக்கொண்டாள், ஒன்றுக்குப் போவதைத்தான் கற்றுக்கொள்ளவில்லை.

இரவுக் கச்சேரியையும் சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்தித்தான் திரும்ப வைக்க வேண்டும். அசதியில் ஒருநாள் அப்படியே ஈரத்தோடு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கிண்ணத்துப் பக்கச் சுவரில் ஒட்டியிருந்த துளிகள் எல்லாம் மெல்ல வழிந்து ஒன்றுசேர நேரம் எடுத்திருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்குச் சேர்ந்தன. இருட்டில் பாத்ரூமுக்குள்ளிருந்து தனியாக ஒரு வாத்து பாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு, “ஏன்டா, இது யாரு போனதுக்குப் பாடுது?” என்றார்.

சிரிப்புக்கெல்லாம் நடுவில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் விளையாடத் தயாராக இல்லை, அது பேட்டரி. எங்கள் வாத்துக்குள் இருந்தவை மூன்று பட்டன் பேட்டரிகள், எல்ஆர்44 என்கிற வகை, சட்டைப் பொத்தான் அளவுதான். மூடிக்கு ஸ்க்ரூ உண்டு. ஆனால் குழந்தை தினமும் அதன் மேல் ஏறி இறங்கியதில் ஒன்றரை மாதத்தில் அது கையால் திருகினாலே சுழல்கிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. தற்செயலாகத்தான் பார்த்தேன், பார்த்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஆபத்து அது தொண்டையில் அடைத்துக்கொள்வதில் மட்டும் இல்லை. உணவுக்குழாயின் ஈரச் சுவரில் ஒட்டியதும் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரப்பொருள் உண்டாகிறது, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். நாணய அளவு லித்தியம் வகைதான் மிகக் கொடியது, 20 மில்லிமீட்டர் அகலமும் 3 வோல்ட்டும் இருப்பதால். சின்னதையும் நம்பக் கூடாது. சில குழந்தைகளுக்கு இருமல், எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல் என்று தெரியும், சிலருக்கு வெளியே எதுவுமே தெரியாது. அமெரிக்காவில் 2022-இல் இதற்கென்றே ‘ரீஸ் சட்டம்’ என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இப்படி இறந்த பிறகு.

விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், கையில் தேன் இருக்கிறது என்றால் போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேனைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது.

அன்று ராத்திரியே மூன்று பேட்டரியையும் கழற்றிவிட்டேன். டேப் சுற்றி, உயரத்தில் வைத்து, மறுநாள் பேட்டரி சேகரிக்கிற இடத்தில் போட்டாயிற்று. காலையில் மகள் உட்கார்ந்தாள், போனாள், பாட்டு வரவில்லை. எழுந்து கிண்ணத்தைப் பார்த்தாள். போயிருக்கிறது. மறுபடி உட்கார்ந்து காத்திருந்தாள். “வாத்து தூங்குது” என்று மனைவி சொன்னதை நம்பவில்லை. “எழுப்பு” என்றாள். நாங்கள் இருவரும் முழித்துக்கொண்டு நிற்க, அம்மா வந்து ஒரு தயக்கமும் இல்லாமல் அதே மெட்டில், வார்த்தைக்குப் பதிலாக ‘லா லா’ போட்டுப் பாடினார். ஒன்றரை மாதமாக வீடு முழுக்க ஒலித்த மெட்டு, யாருக்குத்தான் வராது? மகள் திருப்தியாக எழுந்தாள்.

ஆக, ‘பாட்டுப் பாடும் பாட்டி’ என்று பெட்டியில் போட்டிருந்தது அன்றுதான் உண்மையானது. பேட்டரி பாட்டியை விட இந்தப் பாட்டி எல்லா விதத்திலும் மேல். முடிகிற வரை பொறுத்திருந்து பாடும். நான்கு சொட்டுக்குப் பாடாது, “இன்னும் இருக்கு பாரு, முடிச்சிட்டு வா” என்று சொல்லும். தண்ணீர் ஊற்றினால் ஏமாறாது. ஐந்தாறு வாரத்தில் மகள் பாட்டையே மறந்துபோனாள், நாங்கள் நினைவுபடுத்தவில்லை.

இனி வாத்தைப் பற்றி நல்லதாக. பாட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இது உருப்படியான நாற்காலி. முக்கியமான காரணம் உயரம். உட்கார்ந்தால் அவள் பாதம் இரண்டும் முழுசாகத் தரையில் பதிகிறது, முழங்கால் இடுப்பை விடச் சற்று மேலே வருகிறது. நம் மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை கவண் வார் மாதிரி வளைத்துப் பிடித்திருக்கிறது, குந்தி உட்கார்கிற நிலையில் அது தளர்ந்து பாதை நேராகிறது. காலை அந்தரத்தில் தொங்கவிட்டு உட்கார்கிற குழந்தைக்கு முக்கவும் பிடிமானம் இல்லை, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேரும். பெரியவர்களின் டாய்லெட் மேல் குழந்தைக்காக வைக்கிற வளையத்தை நாங்களும் நடுவில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தோம், ஒன்றுக்குப் பரவாயில்லை, ரெண்டுக்கு அவள் உட்காரவே இல்லை. காலுக்கு ஸ்டூல் போட்ட பிறகுதான் சரியானது, அதுவும் மூன்று வயது நெருங்கும்போது.

ரெண்டுக்கு எங்களுக்கு உதவியது நேரம். சாப்பிட்டு முடித்ததும் வயிறு நிறைந்த சேதி போய்ப் பெருங்குடல் அசைய ஆரம்பிக்கும், யாருக்கும் அப்படித்தான். அதனால் சாப்பிட்டு இருபது நிமிடம் கழித்து வாத்து மேல் உட்கார வைத்தோம், ஐந்து நிமிடம், வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுந்து விளையாடப் போகலாம். நடுவில் ஒரு தடவை மலம் இறுகி, வலித்து, அதற்குப் பிறகு ஒரு வாரம் கால்களைப் பின்னிக்கொண்டு அடக்கினாள். அப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்ப டயப்பருக்குப் போனோம். மருத்துவரிடம் காட்டி மலச்சிக்கல் சரியான பிறகுதான் மறுபடி தொடங்கினோம். வலியோடு பழக்கினால் வலியைத்தான் பழகுவார்கள் என்று அந்த மருத்துவர் சொன்னது சரிதான்.

சுத்தம் செய்வது பற்றி. கிண்ணம் தனியாக வருவது பெரிய வசதி, டாய்லெட்டில் கொட்டி சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஆனால் அந்த இரண்டு உலோகப் புள்ளிகளைச் சுற்றி நூலளவு இடுக்கு இருக்கிறது, அழுக்கு அங்கேதான் சேர்கிறது, பழைய பல் தேய்க்கிற பிரஷ் இல்லாமல் போகாது. மூன்றாம் மாதத்தில் வாத்துக்கு வாத்தின் வாசனை வந்துவிட்டது, அந்த இடுக்கினால்தான். வாடை போக வேண்டுமென்று சிறுநீர் இருக்கிற கிண்ணத்தில் நேரடியாக ப்ளீச் ஊற்றிவிடாதீர்கள், சிறுநீரிலிருந்து வருகிற அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கிற வாயு வரும். முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுங்கள்.

முன்பக்கத்தில் சிறுநீர் தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்பு உண்டு, கழற்றி மாட்டலாம். உயரமாக, விளிம்பு கூராக இருக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு அவசரமாக ஏறி உட்காரும்போது படாத இடத்தில் படும், ஒரு தடவை பட்டால் அப்புறம் நாற்காலியையே வேண்டாம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லிக் கொடுத்தோம். துடைப்பதை முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும் அதே நேரத்தில் பழக்கினோம். மூடி மட்டம், விரல் நசுங்கும், முதல் வாரமே கழற்றி எடுத்துவைத்தாயிற்று.

எனக்குக் கடைசியில் மிஞ்சியது என்ன என்று கணக்குப் பார்த்தால் ஒரு கிண்ணம், ஒரு வளையம், இரண்டு கைப்பிடி. இது பாட்டு இல்லாத நாற்காலியில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்திருக்கும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது நான் எடுத்தது இதைத்தான், ஏனென்றால் அழுத்திப் பார்த்தேன், பாடியது, எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு. மகளிடம் யாரும் கேட்கவில்லை. ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், அந்த இரண்டும் உயரத்துக்கும் ரப்பர் காலுக்கும்.

வாங்குகிறவர்கள் உயரத்தைப் பாருங்கள், பாதம் தரையில் படுகிறதா என்று உட்கார வைத்தே பாருங்கள், கிண்ணம் ஒரே துண்டாக இடுக்கில்லாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஏற்கெனவே பாடுகிறது ஒன்று பரிசாக வந்துவிட்டதென்றால் தூக்கிப் போட வேண்டாம், பேட்டரியை மட்டும் எடுத்துவிடுங்கள். இரவு நனைப்பதைப் பற்றி இதை வைத்து எதுவும் எதிர்பார்க்காதீர்கள், அது தனிக் கணக்கு, ஐந்து வயது வரை நனைத்தாலும் மருத்துவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டிலும் ராத்திரிக்கு டயப்பர் இன்னும் உண்டு.

இப்போது மகளுக்கு 34 மாதம், பெரிய டாய்லெட்டுக்கு ஸ்டூல் போட்டு ஏறிவிடுகிறாள், ஆனாலும் அவசரம் வந்தால் “வாத்துக்குப் போகணும்” என்றுதான் சொல்கிறாள். போன வாரம் வெளியே போயிருந்த இடத்தில் அப்படிக் கத்த, அங்கிருந்தவர் ஒருவர் அன்பாகக் குனிந்து, குளம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று கை காட்டினார்.